நினைவு சொல்லும் சாட்சி

சென்ற ஷவ்வாலில், மக்தபில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் நாளன்று, ஓர் இளைஞர் தம் ஆறு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து அமர்ந்தார். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர். அமைதியான பிள்ளை, அரபு எழுத்துகளை அழகாக எழுதுவார், குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டதால் பாதியிலேயே நின்றுபோனார். இவ்வளவும் எனக்குத் தெளிவாக நினைவிருந்தது. மகிழ்ச்சியோடு சேர்க்கைப் படிவத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "ஹஜ்ரத், முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளிடம் இப்போதும் அப்படித்தான் பேசுகிறீர்களா?" என்றார்.

எப்படி என்று கேட்டேன். சொன்னார். ரமழான் மாதம், மழை பெய்த காலை, அவருக்கு வயது ஒன்பது, நோன்பு நோற்றிருந்தார். அல்பய்யினா அத்தியாயத்தை ஒப்பிக்கும்போது இரண்டாம் முறையும் தடுமாறினார். நான் அவரை எழுப்பி நிறுத்தி, நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில், உனக்கு ஓதல் எதற்கு, உன் அத்தாவோடு மண்டிக்குப் போய் மூட்டை தூக்கு என்று சொன்னேனாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். நானும் சிரித்தேனாம். அவருடைய அத்தா அந்நாளில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கித்தான் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார்.

எனக்கு இதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலமாரியைத் திறந்து பழைய வருகைப் பதிவேடுகளைத் தேடினேன். செல்லரித்த அட்டைகளுக்கிடையே அந்த ஆண்டின் ஏடும் இருந்தது. எங்கள் மக்தபுக்கு ரமழானில் எப்போதும் விடுமுறை. அந்த ஆண்டும் ஷஅபான் மாத இறுதியிலிருந்து பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன. எனவே அவர் சொன்ன காலை ரமழானில் இருந்திருக்க முடியாது. இதைக் கண்டதும் என் உள்ளத்தில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி. பிள்ளை ஏதோ குழப்பிக்கொண்டிருக்கிறான், நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்ற நிம்மதி. அந்த நிம்மதியை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். ஏனெனில் அடுத்த பக்கங்களைப் புரட்டியபோது, முஹர்ரம் மாதத்தின் நடுவில் அவர் பெயருக்கு நேராகத் தொடர்ந்து பதினோரு நாட்கள் 'வரவில்லை' என்று என் கையாலேயே குறித்திருந்தேன். அதன்பின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. ஊர் மாறியதாக ஒரு குறிப்பும் இல்லை. விசாரித்தபோது தெரிந்தது: அந்தக் குடும்பம் ஊரை விட்டு ஒருநாளும் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி, அதே வீட்டில்தான் இன்றுவரை இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக நான் நம்பி வந்த அந்த இடமாற்றத்தை என் மனமே உண்டாக்கிக்கொண்டிருந்தது.

அவருடைய நினைவில் மாதம் பிழை. என் நினைவில் காரணமே பிழை. இருவரும் பொய் சொல்லவில்லை.

நான் மத்ரஸாவில் ஓதியவன்; உளவியல் படித்தவனல்லன். ஆயினும் இந்நிகழ்வுக்குப் பிறகு நினைவாற்றலைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். அதில் ஓர் ஆய்வு என் பதிவேட்டையே நினைவூட்டியது. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73ஆம் நொடியில் வானில் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் மாண்டனர். நாடே தொலைக்காட்சியின் முன் அதிர்ந்து நின்றது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் உல்ரிக் நைசர் தம் மாணவர்கள் 106 பேரிடம், இச்செய்தியை எங்கே, யார் மூலம், என்ன செய்துகொண்டிருந்தபோது அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே வினாக்களைக் கேட்டார். ஏழு மதிப்பெண்ணுக்கு அவர்கள் பெற்ற சராசரி மூன்றுக்கும் குறைவு. பதினொரு பேரின் விடைகளில் முந்தைய விடையோடு ஒத்துப்போனது ஒன்றுமே இல்லை. ஆனால் தம் நினைவு சரியே என்னும் உறுதி மட்டும் பெரும்பாலோரிடம் மிகுதியாக இருந்தது. மறுநாளே தம் கைப்பட எழுதிய தாளைக் காட்டியபோதும், பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை.

அச்சமோ துயரமோ அவமானமோ தாக்கும்போது மூளையில் அமிக்டலா எனப்படும் பாதாம் பருப்பளவுப் பகுதி விழித்துக்கொள்கிறது. அந்தக் கணத்தை ஆழமாகப் பதியச் செய்கிறது என்கிறார்கள். ஆனால் ஆழமாகப் பதிவது நடுப்பகுதிதான்: சொல்லப்பட்ட சொல், சிரித்த முகம், வயிற்றைப் பிசைந்த உணர்வு. அது எந்த மாதம், யார் யார் இருந்தார்கள் என்னும் ஓரங்கள் மங்கிவிடுகின்றன. பின்னர் ஒவ்வொரு முறை நினைத்துப் பார்க்கும்போதும் மனம் அந்த ஓரங்களைத் தனக்குத் தெரிந்த செய்திகளால் நிரப்பிக்கொள்கிறது. சொன்னவனுக்கோ அது மற்றுமொரு சாதாரணக் காலை. அவனிடம் பதிவதற்கு எதுவுமே இல்லை.

இதெல்லாம் இக்கால அறிஞர்களின் கண்டுபிடிப்பு என்று வியந்துகொண்டிருந்த எனக்கு, பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திய நூல்களிலேயே இது இருப்பது பிறகுதான் உறைத்தது. ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, நபி (ஸல்) அவர்கள் மறைந்த அந்த நாள். உமர் (ரலி) அவர்கள் நபியவர்கள் இறக்கவில்லை என்று ஆணையிட்டுக் கூறிக்கொண்டிருந்தார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் வந்து, முஹம்மத் ஒரு தூதரே, அவருக்கு முன்னும் தூதர்கள் சென்றிருக்கிறார்கள், அவர் இறந்தால் நீங்கள் பின்வாங்கிவிடுவீர்களா என்னும் கருத்துடைய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 144ஆம் வசனத்தை ஓதினார்கள். உஹதுப் போரையொட்டி இறங்கிய வசனம் அது. ஆண்டுக்கணக்கில் ஸஹாபாக்கள் ஓதிவந்தது. ஆனாலும் அபூபக்கர் அதை ஓதும்வரை அப்படியொரு வசனம் இறங்கியதையே மக்கள் அறியாதவர்களைப் போல் இருந்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. உமர் (ரலி) அவர்களுக்கோ கால்களே தாங்கவில்லை. குர்ஆனை உள்ளத்தில் ஏந்தியிருந்த சமுதாயமே துயரத்தின் கனத்தில் ஒரு வசனத்தை மறந்து நின்றது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்ட நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத காலம் நீண்ட அந்தத் துன்பத்தின் உச்சத்தில், பொறுமைக்கு உதாரணமாக ஒரு நபியைச் சொல்ல முற்படுகிறார்கள். யஅகூப் (அலை) அவர்களின் பெயர் நாவில் வரவில்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று அவர்களே பின்னர் அறிவிக்கிறார்கள். யூஸுஃபின் தந்தை என்று சொல்லி அந்த வாக்கியத்தை முடித்தார்கள். ஆயிரக்கணக்கான நபிமொழிகளைச் சமுதாயத்திற்குக் கொண்டுவந்து சேர்த்த நினைவாற்றல் அது. அதே அன்னையார், தமது பெயர் மறந்த அந்தக் கணத்தைக்கூட மறைக்காமல் அறிவித்ததுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை ஒரு விதியாகவே ஆக்கிவைத்தார்கள். அறிவிப்பாளர் நேர்மையானவரா என்பது ஒரு கேள்வி. அவருடைய நினைவு பழுதில்லாததா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்வியில் தேறியவர் இரண்டாவதில் தவறலாம். கூஃபாவைச் சேர்ந்த அல்மஸ்ஊதி என்னும் அறிவிப்பாளரின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். மகன் இறந்த துக்கத்தில் அமர்ந்திருக்கிறார். மக்கள் வந்து ஆறுதல் கூறிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் ஓடிவந்து, உங்கள் அடிமை பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்கிறார். திடுக்கிட்டு எழுந்து வீட்டுக்குள் போனவர், வெளியே வரும்போது நினைவு தடுமாறியவராக வந்தார். அதற்கு முன் அவரிடம் கேட்டவர்கள் யார், பின் கேட்டவர்கள் யார் என்று அறிஞர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அவரைப் பொய்யர் என்று ஒருவரும் சொல்லவில்லை. சமகாலத்தவர்கள் ஒருவரையொருவர் குறைகூறியதையும் அவர்கள் அப்படியே ஏற்பதில்லை. இமாம் மாலிக் அவர்களும் வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் அவர்களும் ஒருவர் மீது ஒருவர் சொன்ன கடுஞ்சொற்களைப் பின்வந்தோர் தராசில் வைத்தே பார்த்தனர். மனக்கசப்பு எவ்வளவு பெரிய இமாமின் பார்வையையும் சாய்த்துவிடக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இத்தனை நுட்பத்தை நூல்களில் வைத்திருக்கும் நாம், வீட்டு வழக்குகளில் அதில் ஒரு துளியையும் பயன்படுத்துவதில்லை என்பதே என் ஆதங்கம்.

ஜமாஅத்தில் கணவன் மனைவி பிணக்குகளை விசாரிக்கும்போது சில ஆண்டுகள் எழுத்தராக உடன் அமர்ந்திருக்கிறேன். பதினைந்து ஆண்டு இல்லறத்தை இருவரும் விவரிப்பதைக் கேட்டால் அவர்கள் வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்தவர்களோ என்று தோன்றும். வாழ்நாள் முழுதும் நன்மை செய்தாலும் ஒரு குறை கண்டவுடன், உன்னிடம் ஒருபோதும் நன்மையைக் கண்டதில்லை என்று சொல்லிவிடும் மனைவியரைப் பற்றிய நபிமொழியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கேட்டுத் தலையாட்டுபவர்களும் ஆண்கள். நான் அந்த அறையில் கண்டதோ வேறு. தமக்காகப் பதினைந்து ஆண்டுகள் சஹருக்கு எழுந்து சமைத்தவளைக் காட்டி, இவள் ஒரு நாளும் என்னை மதித்ததில்லை என்று ஆணையிட்ட கணவர்களை நான் எழுத்தில் பதிந்திருக்கிறேன். இறைநம்பிக்கையுள்ள ஆண் தன் மனைவியை வெறுத்துவிட வேண்டாம், ஒரு குணம் பிடிக்காவிட்டால் மற்றொன்று பிடிக்கும் என்னும் கருத்துடைய நபிமொழி முஸ்லிமில் இருக்கிறதே, அதை ஏன் அதே மேடையில் சொல்வதில்லை?

ஆனால் அவர்கள் யாரும் துணிந்து பொய் சொல்வதாக நான் கருதவில்லை. மறுமையைப் பற்றிய ஒரு நபிமொழி இதற்கு வெளிச்சம் தருகிறது. உலகில் பேரின்பத்தில் திளைத்த ஒருவர் நரகில் ஒரே ஒரு முறை முக்கி எடுக்கப்படுவார். எப்போதாவது நன்மையைக் கண்டாயா என்று கேட்கப்படும்போது, இறைவன் மீது ஆணையிட்டு இல்லை என்பார். உலகில் பெருந்துன்பத்தில் உழன்ற ஒருவர் சுவர்க்கத்தில் ஒரு முறை முக்கி எடுக்கப்படுவார். துன்பம் எதையேனும் கண்டாயா என்று கேட்டால் அவரும் ஆணையிட்டு இல்லை என்பார். ஒரு கணத்தின் உணர்வு ஒரு முழு ஆயுளின் நினைவையும் தன் நிறத்தில் தோய்த்துவிடுகிறது. அங்கு நடப்பது அங்குள்ள அளவில். இங்கோ ஒரு மாமியாரின் சொல், ஒரு பெருநாள் துணி, திருமண வீட்டில் கிடைக்காத ஓர் அழைப்பு போதுமானதாக இருக்கிறது.

இதில் சுற்றியிருப்போரின் பங்கு பெரிது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ் என்னும் உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் மோதியபோது வேகம் என்ன என்று ஒரு சாராரிடமும், கார்கள் மோதி நொறுங்கியபோது வேகம் என்ன என்று மற்றொரு சாராரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று வினவினார். முதல் சாராரில் 50 பேரில் 7 பேர் ஆம் என்றனர்; 'நொறுங்கியது' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 50 பேரில் 16 பேர் ஆம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. நம் வீடுகளில் சாச்சாக்களும் மாமிகளும் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "சபையில் வைத்து உன்னை அசிங்கப்படுத்திவிட்டார்களே" என்று ஒருவர் சொன்ன பிறகு, சாதாரணமாகச் சொல்லப்பட்ட வார்த்தையில்கூட அசிங்கம் நினைவுக்கு வராமல் என்ன செய்யும்?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பிணக்கு வந்தால், இரு தரப்பு உறவினரும் கூடிப் பேசுவதற்கு முன்பே, இருவரிடமும் தனித்தனியே நடந்ததை எழுதி வாங்குங்கள். சினத்தோடு இருக்கும்போது எவரும் இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்னும் நபிமொழியை அபூபக்ரா (ரலி) அவர்கள் ஸிஜிஸ்தானில் நீதிபதியாக இருந்த தம் மகனுக்கு எழுதி அனுப்பினார்கள். நீதிபதிக்கே சினம் தடை என்றால், தன் வழக்கில் தானே சாட்சியாகவும் நீதிபதியாகவும் அமரும் நம் மனத்திற்கு எவ்வளவு எச்சரிக்கை தேவை! கடன் விஷயத்திலும் இதையே காண்கிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படைய வேண்டாம், அதுவே ஐயத்திலிருந்து உங்களை விலக்கும் என்ற கருத்தில் அல்பகரா 282 பேசுகிறது. நெருங்கிய நண்பர்களுக்கிடையே எழுத்து எதற்கு என்று நாம் கேட்கிறோம். நட்பு கசந்த பிறகு ஐம்பதாயிரம் எப்படி முப்பதாயிரமாகவும் எழுபதாயிரமாகவும் நினைவில் மாறுகிறது என்பதைக் கண்டவர்கள் கேட்க மாட்டார்கள். அத்தா எனக்குத்தான் இந்த வீடு என்று சொன்னார் என மூன்று சகோதரர்களும் மூன்று விதமாக நினைவுகூரும் பாகப்பிரிவினைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நினைவு பிழைக்கும் என்பதை அறிந்தவுடன் அதை முதலில் கையில் எடுப்பவன், பெரும்பாலும் அநீதி இழைத்தவனே. நானும் அதைத்தான் செய்தேன். ரமழானில் மக்தப் இல்லையே என்று பதிவேட்டைப் பிடித்துக்கொண்டேன். மாதம் பிழையாகிவிட்டால் காயமும் பிழையாகிவிடுமா? வஹ்ஷீ (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்று நபியவர்களிடம் வந்தபோது, அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார், பழிவாங்கப்படவில்லை. ஆனால் உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்கள் அவர் கையால் மாண்டிருந்தார்கள். உம் முகத்தை என் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்று நபியவர்கள் கேட்டார்கள். மன்னிப்பு உள்ளத்தில் இருந்தது. நினைவின் வலியும் உடன் இருந்தது. காயம்பட்டவரிடம், இன்னுமா அதை மறக்கவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? அல்முஜாதலா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், மனிதர்கள் தம் செயல்களை மறந்துவிட்டிருக்க, அல்லாஹ் அவற்றைக் கணக்கிட்டு வைத்திருக்கிறான் என்கிறது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அதில் மறந்தவர்கள் என்று சொல்லப்படுவோர் யாரோ எவரோ என்றே எண்ணியிருந்தேன்.

பதிவேட்டை அலமாரியிலேயே வைத்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பின் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே, எனக்கு நினைவில்லை, ஆனால் நீங்கள் சொன்னதை நம்புகிறேன், அல்லாஹ்வுக்காக எனக்கு அதை ஹலாலாக்கிவிடுங்கள் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ரமழானில் மக்தப் இருக்காதே என்று என் மனைவி சொன்னாள், ஹஜ்ரத். அவளும் இங்கே ஓதியவள்தான். யோசித்துப் பார்த்தேன். நோன்பாக இருந்திருக்காது. வீட்டில் அன்று ஒன்றும் இருந்திருக்காது. பசி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது" என்றார்.

மன்னித்துவிட்டதாகச் சொன்னார். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. நான் இழிவாகப் பேசியது அவருடைய அத்தாவைப் பற்றியும்தானே, அவரிடமும் கேட்க வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தாவிடம் அவர் இதை ஒருபோதும் சொல்லவில்லையாம். ஓதப் பிடிக்கவில்லை என்று சொல்லித்தான் நின்றாராம். அதற்காக அத்தாவிடம் அடியும் வாங்கினாராம். சொல்லாதீர்கள் ஹஜ்ரத், இந்த வயதில் அவர் தாங்கமாட்டார் என்றார். புறம்பேசப்பட்டவரிடம் போய்ச் சொல்வதால் புதிய காயம் உண்டாகும் என்றால், சொல்லாமல் அவருக்காக துஆச் செய்து, இழிவாகப் பேசிய இடத்திலேயே அவரைப் பற்றி நல்லதைப் பேச வேண்டும் என்று மார்க்க அறிஞர்களில் ஒரு சாரார் கூறியிருப்பதை நான் வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

பெரியவர் வெளியே வந்தார். முதுகு வளைந்திருந்தது. ஹஜ்ரத் வந்திருக்கிறார் என்றதும் முகம் மலர, உட்காருங்கள், தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். தன் பேரன் திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் ஓத வருவதை மகிழ்ச்சியோடு சொன்னார். அமர்ந்து குடித்துவிட்டு வந்தேன்.